கேம்பர் வேனுக்கு வெயில் தட்டி நாமே செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பர் வேன் என்பது உள்ளேயே படுத்துத் தங்கிப் பயணம் போகும் வேன். வெயிலில் நிறுத்திய அந்த வேனுக்குள் மதியம் 2 மணிக்கு ஒரு தடவை படுத்துப் பார்த்தவருக்கு, சன்னல் மறைப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் கேள்விகள் வரும். இங்கே 'தட்டி' என்று நான் சொல்வது, கண்ணாடியின் அளவுக்கே வெட்டி உள்ளேயோ வெளியேயோ பொருத்தும் மறைப்பை. மூன்று வேன்களுக்கு என் கையால் வெட்டித் தைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதியவை இந்தப் பதில்கள்.

வேன் ஏன் இவ்வளவு சீக்கிரம் சூடாகிறது?

வெயில் உள்ளே வரும்போது ஒளியாக வருகிறது. டேஷ்போர்டிலும் சீட்டிலும் மெத்தையிலும் பட்டதும் வெப்பமாகிவிடுகிறது. ஒளியைத் தாராளமாக உள்ளே விடுகிற கண்ணாடி, சூடான பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிரைத் திரும்ப வெளியே விடுவதில்லை. சூடான காற்றுக்கும் போக வழியில்லை. அடைத்த பெட்டிதானே வேன்.

அளவு தெரிந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். மேகமில்லாத நடுப்பகலில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. பெரிய வேனின் முன்கண்ணாடி ஒன்றரை சதுர மீட்டர் வரை இருக்கும். அதுவும் சாய்ந்திருப்பதால் வெயிலை நன்றாக வாங்கிக்கொள்ளும். விழுவதில் பாதி உள்ளே வந்தாலே 750 வாட். சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் ஓடவிட்டுக் கதவைச் சாத்தியது போலத்தான்.

2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், மூடிய வாகனத்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் 30 நிமிடத்திலேயே ஏறிவிட்டது. சன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே தட்டியை வேனை நிறுத்திய கையோடு மாட்ட வேண்டும். அரை மணி கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால், ஏற வேண்டிய சூடு பெரும்பாலும் ஏறியிருக்கும்.

தட்டி போட்டால் வேன் குளிர்ந்துவிடுமா?

குளிராது. தட்டி குளிரவைக்கும் கருவி இல்லை. உள்ளே வரவிருந்த வெயிலைத் தடுக்கும், அவ்வளவுதான். வெளியே 36 டிகிரி என்றால், ஏசி இல்லாத வேனுக்குள் எல்லாம் சரியாக அமைந்தாலும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது அந்த 36-ஐ ஒட்டிய அளவுதான். ஆனால் தட்டி இல்லாத வேனில் அது 50-ஐத் தாண்டிப் போகும். 36-க்கும் 50-க்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று உடம்பு சொல்லும். ஒன்றில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கலாம், இன்னொன்றில் உட்காரக்கூட முடியாது.

அதனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல தட்டி மாட்டினாலும், குழந்தையையோ வயதானவரையோ நாயையோ பூனையையோ மூடிய வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா?

வெயிலை எவ்வளவு முன்னால் மறிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கண்ணாடிக்கு வெளியே மறித்தால் கண்ணாடியே சூடாவதில்லை. உள்ளே மறித்தால் ஒளி கண்ணாடியைத் தாண்டி வந்து, தட்டியில் பட்டு, பெரும்பகுதி திரும்பிப் போகிறது. மிச்சம் கண்ணாடியிலும் தட்டியிலும் நடுவில் சிக்கிய காற்றிலும் தங்கிவிடுகிறது. மதியத்தில் உள்தட்டியின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிக் கையை வையுங்கள். அந்த இடுக்கிலிருந்து அடுப்பு வாயில் வருவது போலச் சூடு மேலே எழும். வெளித்தட்டியில் அந்தக் காற்று வெளியிலேயே கலைந்து போகிறது.

வீட்டு சன்னல்களைப் பற்றி அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கும் இதே பக்கம்தான். வெளியே சாய்ப்பு போட்டால் மேற்குப் பார்த்த சன்னலில் வெயிலால் ஏறும் சூட்டை 77 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது. வேன் கண்ணாடிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் காரணம் ஒன்றுதான்.

இருந்தாலும் எல்லோருக்கும் நான் வெளித்தட்டியைச் சொல்வதில்லை. காற்றில் படபடக்கும், மழையில் நனையும், யாராவது எடுத்துக்கொண்டும் போகலாம். இரவில் வேனை உடனே எடுக்க வேண்டியிருந்தால் வெளியே இறங்கிக் கழற்றியாக வேண்டும். நான் செய்வது இதுதான்: முன்கண்ணாடிக்கும் முன்கதவுச் சன்னல்களுக்கும் சேர்த்து வெளியே ஒரே உறை, மற்ற சன்னல்களுக்கு உள்ளே தட்டி. ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், முன்கண்ணாடியில் ஆரம்பியுங்கள். வேனில் பெரிய கண்ணாடி அதுதான்.

எந்தப் பொருளில் செய்வது?

அதிகம் பேர் எடுப்பது குமிழி ஷீட். பபிள் ராப்பின் இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டியது போல, சுருளாக வரும். லேசானது, கத்தரியில் வெட்டலாம், தைக்கலாம், விறைப்பாகவும் நிற்கும். முதல் தடவை செய்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

வாங்கும்போது ஒரு துண்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவித் தெரிந்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு. அப்படிப் பிடிக்கும்போது ஒளி புகாமல் இருட்டாகத் தெரிய வேண்டும், மேற்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். அலுமினியம் மங்கினால் வெயிலைத் திருப்பும் வேலையும் மங்கும்.

ஃபோம் ஷீட், அதாவது உடற்பயிற்சிப் பாய் போன்ற அடர்ந்த ஃபோம், இன்னும் விறைப்பானது. சன்னல் சட்டத்துக்குள் அழுத்தி வைத்தாலே எதுவும் இல்லாமல் நிற்கும். ஆனால் தடிமன் அதிகம், சுருட்டினால் இடத்தை அடைக்கும். வெறும் ஃபோம் வெயிலைத் திருப்பாது, வெளிப்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியே ஆக வேண்டும்.

மலையேறுபவர்கள் எடுத்துப்போகும் மெல்லிய அவசரப் போர்வை வெயிலை நன்றாகவே திருப்பும். ஆனால் கிழியும், காற்றில் சலசலத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு நாள் அவசரத்துக்கு ஆகும். அட்டைப்பெட்டியில் சமையல் அலுமினியத் தாளை ஒட்டினாலும் வேலை நடக்கும். எனக்கு முதல் தட்டி அதுதான். ஒரு வாரம் ஒழுங்காக உழைத்தது, பிறகு காலை ஈரத்தில் அட்டை ஊறிப்போனது.

வெள்ளிப் பக்கம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

வெளியே பார்த்து. எப்போதும்.

அப்படியானால் பலரும் உள்பக்கத்தில் கறுப்புத் துணி தைக்கிறார்களே, அது எதற்கு?

கண்ணுக்காக. இரண்டு பக்கமும் வெள்ளியாக இருந்தால் இரவில் விளக்கு போட்டதும் வேன் முழுக்கப் பளபளக்கும். துணி தைத்தால் வெளிச்சம் வெளியே கசியாது, பார்க்கவும் வீடு மாதிரி இருக்கும், ஓரங்களும் கெட்டியாகும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் உள்பக்கமும் வெள்ளியாக இருப்பது ஒரு படி மேல். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு. ஆனால் அந்த வித்தியாசத்தை விட, துணி தைத்த தட்டியை நீங்கள் விரும்பி தினமும் மாட்டுவீர்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிறம் உங்கள் இஷ்டம், வெளிர் நிறமும் சரிதான்.

அளவு எப்படி எடுப்பது?

தட்டி நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான். அவசரப்படாதீர்கள். டேப்பை வைத்து நீள அகலம் எடுத்து வெட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். வேன் கண்ணாடி எதுவும் நேர்ச்சதுரமாக இருப்பதில்லை. மூலைகள் வளையும், மேல் ஓரம் வில்லாக இருக்கும்.

பழைய செய்தித்தாளையோ பழுப்புத் தாளையோ கண்ணாடியை விடப் பெரிதாக ஒட்டிச் சேருங்கள். வேனுக்குள் உட்கார்ந்து, அந்தத் தாளைக் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பால் நாலைந்து இடத்தில் ஒட்டுங்கள். கட்டைவிரல் நகத்தால், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பின் (பீடிங்) ஓரமாகத் தாளை அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். மடிப்பு விழும். அந்த மடிப்பின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். ரியர்வியூ கண்ணாடியின் தண்டு, ஏதாவது சென்சார் பெட்டி இருந்தால் அதையும் வரைந்துகொள்ளுங்கள். எடுப்பதற்கு முன்பே தாளில் 'மேல்' என்றும் 'உள்பக்கம்' என்றும் எழுதிவிடுங்கள்.

இப்போது கோட்டில் வெட்டி, வெட்டிய தாளைத் திரும்பக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஒரு தாள் துண்டை ஒட்டி நிரப்புங்கள். எங்கே தாள் மடங்குகிறதோ அங்கே வெட்டுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால்தான் சரியாக உட்காரும். தாளில் செய்யும் திருத்தத்துக்குச் செலவில்லை.

இடது சன்னலின் தாளையே கவிழ்த்து வலது சன்னலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். முன்கதவுகளுக்குப் பெரும்பாலும் சரிவரும். பின்னால் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் இழுக்கும் கதவு, மறுபக்கம் நிலையான பலகை என்று இருக்கிற வேனில் இரண்டு கண்ணாடியும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் விளிம்பில் வேறுபடும்.

கண்ணாடியின் அளவுக்கே வெட்டுவதா, கூடுதலாகவா?

கூடுதலாக. குமிழி ஷீட் என்றால் சுற்றிலும் அரை செ.மீ. முதல் 1 செ.மீ. வரை. அந்தக் கூடுதல்தான் பீடிங்கின் இடுக்கில் செருகித் தட்டியைப் பிடித்து நிற்கும். அதற்கு மேல் விட்டால் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

குறைத்து வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது வேனில் ஒரு பக்கச் சன்னல் தட்டி ஒரு விரல் அகலம் குறைந்துவிட்டது. மறுபடி வெட்ட மனம் வராமல் அப்படியே மாட்டினேன். மாலை 4 மணிக்கு அந்த இடுக்கு வழியாக ஒரு வெயில் கோடு மெத்தையின் மேல் விழுந்தது. போர்வையில் அந்தக் கோடு பட்ட இடத்தில் கை வைத்தால் சுட்டது, இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் சாதாரணமாக இருந்தது. சூரியன் நகர நகரக் கோடும் மெத்தை முழுக்க நடந்து போனது. அடுத்த நாளே புதிதாக வெட்டினேன். விளிம்பில் விடும் இடுக்கு, நடுவில் போட்ட ஓட்டை மாதிரிதான்.

சுருளின் அகலம் முன்கண்ணாடிக்குப் போதவில்லையே?

இரண்டு துண்டாக வெட்டி நடுவில் சேருங்கள். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றாமல், விளிம்போடு விளிம்பை வைத்து, இரண்டு பக்கமும் அலுமினிய டேப் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் டேப் படும் இடத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் உரிந்துவிடும். சேரும் இடம் ரியர்வியூ கண்ணாடியின் தண்டுக்கு நேரே இருக்கட்டும். அங்கே எப்படியும் வெட்ட வேண்டியிருக்கும், மடித்து வைக்கவும் அதுவே கீலாகிவிடும்.

தைக்கத் தெரியாது. டேப் மட்டும் போதுமா?

போதும். சுற்றிலும் துணி டேப்பைப் பாதி உள்ளே பாதி வெளியே வரும்படி மடித்து ஒட்டினால் ஒரு கோடைகாலம் தாங்கும். வெட்டிய குமிழிகளின் விளிம்பு திறந்திருக்கும், டேப் அதை மூடும். மூலைகளில் டேப்பை நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டு ஒட்டுங்கள். ஒரே அடியாக வளைத்தால் சுருங்கிப் பிரியும்.

தையல் மிஷின் இருந்தால் ஓரத்தைச் சுற்றித் துணிப் பட்டி வைத்துத் தைப்பதுதான் நிற்கும். தடித்த ஊசி, 100-ஆம் எண் ஊசி சரியாக இருக்கும். தையலின் நீளத்தை 4 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளுங்கள். நெருக்கமாகத் தைத்தால் வெள்ளித்தாள் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துகொண்டு வரும். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். துணி கவ்வும் கிளிப் போடுங்கள். மிஷின் காலடியில் ஷீட் வழுக்காமல் ஒட்டிக்கொண்டு நின்றால், மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுங்கள்.

இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் நடுவில் பஞ்சு ஷீட்டோ கம்பளித் துணியோ வைத்து மூன்று அடுக்காகத் தைக்கலாம். வெயிலுக்கு இது பெரிதாகக் கூட்டித் தராது. குளிர் இரவுக்கும் வெளிச் சத்தத்துக்கும்தான் நல்லது.

எதை வைத்து நிறுத்துவது: காந்தமா, சக்‌ஷன் கப்பா, வெல்க்ரோவா?

முதலில் சமையலறைக் காந்தம் ஒன்றை எடுத்து சன்னலைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். தகர உடம்பு வேனில் ஒட்டும். உள்ளே பிளாஸ்டிக் பலகை அடித்திருந்தாலோ, உடம்பு ஃபைபராகவோ அலுமினியமாகவோ இருந்தாலோ ஒட்டாது. காசைப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒட்டினால் காந்தம்தான் எனக்குப் பிடித்தது. ஓரப் பட்டிக்குள் வைத்துத் தைத்துவிட்டால் தட்டியைக் கிட்டே கொண்டுபோனதும் தானே போய் உட்காரும். ஆனால் பலரும் வாங்கும் சின்ன வெள்ளிநிற நியோடிமியம் காந்தத்தில், சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலத்தை நிரந்தரமாக இழக்கும். பக்கச் சன்னலுக்கு அது பிரச்சினையில்லை. டேஷ்போர்டை ஒட்டிய முன்கண்ணாடியின் கீழ் ஓரம் அந்தச் சூட்டுக்கு அருகே போகும் இடம். அங்கே கறுப்பு ஃபெரைட் காந்தம் வையுங்கள். பலம் குறைவு, பெரிதாக இருக்கும், ஆனால் சூடு தாங்கும். எந்தக் காந்தமானாலும் துணிக்குள் இருக்க வேண்டும், வெறுமனே பட்டால் பெயிண்ட் கீறும்.

சக்‌ஷன் கப் வாங்க எளிது, மாட்ட எளிது, விழுவதும் எளிது. கண்ணாடியைத் துடைத்து, கப்பின் ஓரத்தில் துளி ஈரம் தடவி அழுத்தினால் நிற்கும். சூட்டில் ரப்பர் தளர்ந்து நடு மதியத்தில் விடும், குளிர்ந்த பிறகு நடு இரவில் விடும். பெரிய தட்டிக்கு நாலு போதாது, ஆறாவது வேண்டும்.

வெல்க்ரோ நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் பசை சூட்டில் இளகி வழியும், வேனை விற்கும்போது கறையாக நிற்கும். துணிப் பக்கம் தைத்துவிட்டு, வேன் பக்கத்தில் மட்டும் நல்ல பசை போட்டு ஒட்டுவது பரவாயில்லை.

இதெல்லாம் இல்லாமல், முன்கண்ணாடிக்கு வேன் கூடவே வரும் சன் வைசரை மடக்கி அழுத்தினால் மேல் ஓரம் நின்றுவிடும். கீழ் ஓரம் டேஷ்போர்டில் உட்காரும். அளவாக வெட்டிய தட்டிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

அக்ரிலிக் சன்னல் இருந்தால்?

கண்ணாடி போலவே நடத்தாதீர்கள். கேம்பர் வேன்களில் பின்னால் வைக்கும் இரட்டை அடுக்குச் சன்னல் பலவும் அக்ரிலிக் பிளாஸ்டிக். சூட்டில் இளகி வளையக்கூடியது. வெள்ளித் தட்டியை அதன் மேல் இறுக்கி ஒட்டாமல் இடைவெளி விட்டு வையுங்கள், முடிந்தால் வெளியே மறையுங்கள். துடைக்கும்போது ஆல்கஹால் கலந்த கண்ணாடித் திரவம் போடாதீர்கள், நாளடைவில் முடிமுடியாக விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

வெளித்தட்டி செய்வது எப்படி?

நிழல் வலை, தார்ப்பாய்த் துணி, வெள்ளிப் பூச்சுள்ள ரெயின்கோட் துணி எல்லாம் சரிவரும். முன்பக்க உறைக்கு நான் செய்வது: முன்கண்ணாடியின் அளவோடு இரண்டு பக்கமும் கதவுச் சன்னலை மூடும் அளவுக்குக் காது மாதிரி நீட்டி வெட்டுவது. கதவைத் திறந்து அந்தக் காதின் நுனியை உள்ளே இழுத்துப் போட்டு மூடினால், கதவே கவ்விக்கொள்ளும். வெளியிலிருந்து யாராலும் உருவ முடியாது, காற்றும் தூக்காது. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் (சைடு மிரர்) வரும் இடத்தில் ஓட்டை விட மறக்காதீர்கள். கண்ணாடியில் படும் பக்கம் மெத்தென்ற துணியாக இருக்கட்டும். தூசியோடு உரசினால் கீறல் விழும்.

நிழல் வலையில் ஒரு தனி நன்மை உண்டு. காற்று ஊடுருவும், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே நிழலும் கிடைக்கும். பகலில் வேனுக்குள்ளேயே இருந்து வேலை பார்ப்பவருக்கு இருட்டான வெள்ளித் தட்டியை விட இதுதான் ஒத்துவரும்.

கூரையை என்ன செய்வது? சன்னலை மட்டும் மூடினால் போதுமா?

போதாது, அதுவும் சூரியன் உச்சிக்கு ஏறும் ஊர்களில். அங்கே நடுப்பகல் வெயில் பக்கச் சன்னலில் சாய்ந்தே விழும், கூரைதான் முழுதாக வாங்கும்.

நிறம் உண்மையிலேயே பேசும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான ஒரு கறுப்புக் காரையும் ஒரு வெள்ளிநிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். வெள்ளிநிறக் காரின் உள்ளே 5 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தது. பெயிண்டைத் தவிர வேறு எதுவும் மாற்றாமல் கிடைத்த வித்தியாசம் அது. இருண்ட நிற வேன் வைத்திருப்பவர் கூரைக்கு மட்டும் வெள்ளை அடிப்பது நல்ல முடிவு.

பெயிண்ட் அடிக்க முடியாதவர்கள் கூரைக்கு மேல் இன்னொரு நிழலைப் போடலாம். பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் வெப்ப நாடுகளுக்கென்றே கூரைக்கு மேல் சிறு இடைவெளி விட்டு இரண்டாவது தகடு ஒன்றைப் பொருத்தி விற்றார்கள். வெயில் மேல் தகட்டைச் சுடும், நடுவில் காற்று ஓடும், கீழ்க் கூரை தப்பிக்கும். கூரைக் கேரியரில் வெள்ளிநிறத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் நமக்கும் அதே பலன். கூரையில் படாமல், கைநுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும். வண்டி ஓடும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

கூரைச் சன்னலை மறக்க வேண்டாம். பரவலாக இருக்கும் அளவு 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். ஒரு சதுர ஃபோமில் வெள்ளித்தாள் ஒட்டி, அரை அங்குலம் பெரிதாக வெட்டி அழுத்திச் செருகினால் தானே நிற்கும். ஐந்து நிமிட வேலை, படுக்கைக்கு நேர் மேலே இருந்தால் பலன் உடனே தெரியும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டால் புழுங்காதா?

புழுங்கும். தட்டியும் காற்றும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். சூடான காற்று மேலே நிற்கும் என்பதால் கூரை விசிறியை வெளியே தள்ளும்படி ஓடவிடுங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு சன்னலைத் தாழ்வாகத் திறந்து வையுங்கள். உள்ளே வரும் காற்று நிழலிலிருந்து வர வேண்டும், வெயிலில் காயும் தகரத்தின் பக்கமிருந்து வரக்கூடாது. திறக்கும் சன்னலுக்கு மட்டும் கீழ்ப்பகுதி மடியும்படி ஒரு தட்டி தைத்து வைத்துக்கொண்டால், மறைத்த மாதிரியும் இருக்கும், காற்றும் வரும்.

வேன் ஏற்கெனவே கொதித்துக் கிடந்தால் உடனே தட்டியை மாட்டி மூடாதீர்கள். எல்லாக் கதவையும் திறந்து ஐந்து பத்து நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். அவசரத்தில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். கல் பட்ட சின்னப் புள்ளி இருந்தாலும் அதிலிருந்து விரிசல் ஓடும்.

வேனை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது?

முன்கண்ணாடி மேற்கைப் பார்க்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மதியத்துக்குப் பிறகு தாழ்ந்து வரும் வெயில் நேராக உள்ளே பாய்வது அந்தத் திசையிலிருந்துதான், காற்றும் அப்போதுதான் உச்ச சூட்டில் இருக்கும். காலை 10 மணிக்கு நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்து நிறுத்துபவர்கள் அதிகம். மாலை 3 மணிக்கு அந்த நிழல் எங்கே போயிருக்கும் என்று யோசித்து நிறுத்துங்கள்.

தட்டியோடு வண்டி ஓட்டலாமா?

முன்கண்ணாடியையும் முன்கதவுச் சன்னல்களையும் மறைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. பின்பக்கத் தட்டிகள் இருக்கலாம், ஆனால் ஓட்டுநருக்கு சைடு மிரர் இரண்டும் சரியாகத் தெரிய வேண்டும். தட்டிக்குப் பதிலாக ஃபிலிம் ஒட்டலாம் என்று நினைப்பவர்கள், முன்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு ஒளி ஊடுருவ வேண்டும் என்று சட்டம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும்.

சமைக்கும்போது?

அடுப்புக்குப் பக்கத்துச் சன்னல் தட்டியைக் கழற்றிவிடுங்கள். குமிழி ஷீட் பாலித்தீன், 110 டிகிரி வாக்கில் உருகும், தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும். அத்தோடு எரியும் அடுப்புக்குக் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். எல்லாத் தட்டியையும் மாட்டி அடைத்துக்கொண்டு சமைப்பது உயிருக்கே ஆபத்து.

காலையில் தட்டியை எடுத்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீராக இருக்கிறதே?

நம் மூச்சின் ஈரம்தான். தட்டிக்குப் பின்னால் கண்ணாடி குளிர்ந்திருப்பதால் அங்கே போய்ப் படிகிறது. தினமும் காலையில் தட்டியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து, தட்டியின் முகத்தையும் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துணிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை போகவே போகாது.

தட்டி உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெர்மாமீட்டரைப் படுக்கை உயரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே திசையில் வேனை நிறுத்தி, ஒரு நாள் தட்டியோடும் ஒரு நாள் இல்லாமலும் மதியம் 12, 2, 4 மணிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். வெளி வெப்பத்தையும் நிழலில் அளந்து எழுதுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும், வெறும் உள்வெப்பத்தை ஒப்பிட்டால் அந்த நாளின் வெயில் குழப்பிவிடும்.

எப்படி வைத்துப் பாதுகாப்பது, எத்தனை நாள் வரும்?

மடிக்காமல் சுருட்டுங்கள், வெள்ளிப் பக்கம் வெளியே இருக்கும்படி. ஒரே இடத்தில் மடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கோட்டில் வெள்ளித்தாள் வெடித்து ஒளி புகும். மூலையில் எண் எழுதி வையுங்கள், இருட்டில் எது எந்தச் சன்னலுக்கு என்று தடவ வேண்டியதில்லை. மெத்தைக்கு அடியில் விரித்துப் போட்டால் இடமும் மிச்சம்.

தினமும் வெயில் பட்டால் முதலில் போவது டேப், அடுத்து வெள்ளிப் பூச்சு. பட்டி தைத்த தட்டியில் டேப் பிரச்சினை இல்லை. பூச்சு உரிந்து பிளாஸ்டிக் வெளுத்துத் தெரிய ஆரம்பித்தால் புதிது வெட்டும் நேரம். மாதிரித் தாள்களைத் தூக்கிப் போடாமல் சுருட்டி வைத்திருங்கள், இரண்டாவது தடவை ஒரே மாலையில் முழு வேனுக்கும் வெட்டிவிடலாம்.